என்ன செய்தார் என்று யார் சொல்வது?

1999 ஜூலை முதல் வாரம். கார்கிலில் டைகர் ஹில் உச்சி இந்திய ராணுவத்தின் கைக்கு வந்துவிட்டது. இழந்த இடத்தைத் திரும்பப் பிடிக்கப் பாகிஸ்தான் தரப்பு எதிர்த்தாக்குதல் தொடுத்தது. அதை முன்னால் நின்று நடத்தினார் ஓர் இளம் அதிகாரி. பெயர் கர்னல் ஷேர் கான். ராணுவத்தின் மேல் பிரியம் வைத்திருந்த தாத்தா பேரனுக்குச் சூட்டிய பெயரே ‘கர்னல்’. பதவியில் அவர் கேப்டன்தான். ஆட்களைத் திரட்டிக்கொண்டு மேலேறி வந்தவர், அந்தச் சண்டையிலேயே விழுந்தார்.

அந்தப் பகுதியில் இந்தியப் படைக்குப் பொறுப்பாக இருந்தவர் பிரிகேடியர் எம்.பி.எஸ். பாஜ்வா. எதிரியின் உடலைக் கீழே கொண்டுவரச் சொன்னார். இந்த கேப்டன் மிகத் துணிச்சலாகப் போரிட்டார், இவருக்குரிய மரியாதை கிடைக்க வேண்டும் என்ற பொருளில் ஒரு சீட்டு எழுதி, இறந்தவரின் பைக்குள் வைத்து அனுப்பினார். கார்கிலில் சண்டை போடுவது தன் ராணுவமே இல்லை என்று பாகிஸ்தான் சாதித்துக்கொண்டிருந்த சமயம் அது. அதே பாகிஸ்தான் பின்னர் தன் உச்ச வீர விருதான நிஷான்-இ-ஹைதரை அந்த கேப்டனுக்கு அளித்தது.

வீர விருது என்றால் எனக்கு அந்தக் காகிதத் துண்டுதான் நினைவுக்கு வருகிறது. அதில் அடைமொழி எதுவும் இல்லை. ஒருவர் கண்ணால் பார்த்தார், பார்த்ததை எழுதினார். எதிரியாக இருந்தும் எழுதினார்.

நம் ஊரில் நிலைமை கொஞ்சம் வேறு. ஜனவரி 26 அன்று டெல்லி அணிவகுப்பில் திறந்த ஜீப்பில் விறைப்பாக நின்று போகும் பரம் வீர் சக்ரா வீரர்களைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கைதட்டுகிறோம். தெருவுக்குப் பெயர் வைக்கிறோம். நினைவு நாளில் ஃப்ளெக்ஸ் கட்டுகிறோம். வீரரின் படத்தைவிடக் கட்டியவரின் படம் பெரிதாக இருக்கும். எல்லாம் சரி, அந்த மனிதர் என்னதான் செய்தார் என்று கேட்டால் ‘நாட்டுக்காக உயிர் கொடுத்தார்’ என்ற பதிலோடு பேச்சு நின்றுபோகிறது. உயிர் கொடுத்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அவர்களில் சிலருக்கு மட்டும் பதக்கம் கொடுக்கப்படுவதற்குக் காரணமான அந்தச் சில நிமிடங்களை நாம் கைவிட்டுவிட்டோம். கௌரவிப்பதில் பெரும் பகுதி அந்த நிமிடங்களைச் சரியாகச் சொல்வதில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சாட்சி இல்லாத வீரம்

1950 ஜனவரி 26 அன்று, குடியரசு பிறந்த நாளிலேயே, பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா மூன்றும் உருவாயின. காஷ்மீரில் 1947-48 சண்டை நடந்து முடிந்திருந்ததால், 1947 ஆகஸ்ட் 15 முதல் முன்தேதியிட்டு அமலாயின. பதக்கத்தின் வடிவத்தை வரைந்தவர் சாவித்திரி கானோல்கர். சுவிட்சர்லாந்தில் ஹங்கேரியத் தந்தைக்கும் ரஷ்யத் தாய்க்கும் பிறந்து, இந்திய ராணுவ அதிகாரி ஒருவரை மணந்து, புராணங்களைக் கரைத்துக் குடித்தவர். ததீசி முனிவர் தன் முதுகெலும்பையே கொடுக்க, அதிலிருந்து இந்திரனின் வஜ்ராயுதம் பிறந்தது என்பது கதை. அந்த வஜ்ரம் நான்கு முறை, நடுவில் அசோகச் சின்னம், ஊதா நிற நாடா. உலோகம் வெறும் வெண்கலம். இரண்டாம் நிலையான மகா வீர் சக்ரா வெள்ளியில் இருக்க, உச்ச விருது வெண்கலத்தில் இருப்பது எனக்குப் பிடித்த முரண். முதல் பரம் வீர் சக்ரா மேஜர் சோம்நாத் சர்மாவுக்குப் போனது. அவர் சாவித்திரி அம்மையாருடைய மூத்த மகளின் கணவருடைய அண்ணன்.

இதுவரை இந்த விருதைப் பெற்றவர்கள் 21 பேர். அதில் 14 பேருக்கு மரணத்துக்குப் பின். 1999 கார்கிலுக்குப் பிறகு யாருக்கும் தரப்படவில்லை.

பதக்கம் யாருக்கு என்பது போர்க்களத்தில் இருந்த பட்டாலியனில் தொடங்குகிறது. தளபதி ஒரு பரிந்துரை எழுத வேண்டும். இன்ன இடம், இன்ன நேரம், எதிரி எத்தனை பேர், இவர் என்ன செய்தார், அதனால் என்ன விளைந்தது என்பதெல்லாம் அதில் வர வேண்டும். நேரில் பார்த்தவர்களின் வாக்குமூலம் வேண்டும். அந்தக் காகிதம் பிரிகேட், டிவிஷன், கோர் என்று படிப்படியாக ஏறி, டெல்லியில் குழு பார்த்து, குடியரசுத் தலைவர் கையெழுத்தில் முடிகிறது. விருதோடு வாசிக்கப்படும் குறிப்பைப் படையினர் ‘சைட்டேஷன்’ என்கிறார்கள். மேலே போகப் போக ‘இது பரம் வீர் சக்ராவுக்குப் போதாது, வீர் சக்ரா போதும்’ என்று கீழிறக்குவதும் உண்டு. எழுதத் தெரிந்த தளபதி வாய்த்தால் ஒரு விதி, எழுத்து வராத தளபதி வாய்த்தால் வேறு விதி என்று ஓய்வுபெற்றவர்கள் அலுத்துக்கொள்வது எல்லா நாட்டு ராணுவத்திலும் கேட்கும் புலம்பல்.

பார்த்தவர்களில் மிஞ்சிய ஒருசிலரையும் யாரும் நம்பாவிட்டால்? 1962 நவம்பர் 18. லடாக்கில் சுஷூல் விமான தளத்தைக் காக்கும் ரெசாங் லா கணவாய். 13-வது குமாவோன் பட்டாலியனின் ஒரு கம்பெனி, ஏறக்குறைய 120 பேர், பெரும்பாலும் ஹரியானாப் பக்கத்து அகீர் சமூகத்து விவசாய வீட்டுப் பிள்ளைகள். தலைமை மேஜர் ஷைத்தான் சிங். இடையில் நின்ற மலை மறைத்ததால் பின்னாலிருந்து பீரங்கி உதவி கிடையாது. குளிருக்கு ஏற்ற உடுப்பும் போதாது. அலையலையாக வந்த சீனப் படையோடு கடைசிவரை சண்டை போட்டு, நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கேயே விழுந்தார்கள். தப்பி வந்த சிலர் நடந்ததைச் சொன்னபோது நம்ப ஆளில்லை. இவ்வளவு பேர் இப்படி நின்று செத்தார்களா, கதை விடாதே என்றார்கள்.

1963 பிப்ரவரியில், பனி கொஞ்சம் இளகிய பிறகு, ஆடு மேய்க்கும் ஒருவர் கண்ணில் அந்த இடம் பட்டது. அப்புறம்தான் ஒரு குழு மேலே போனது. பதுங்குகுழிகளில் துப்பாக்கியைப் பிடித்தபடியே உறைந்து கிடந்தார்கள். ஒருவர் கையில் மோர்ட்டார் குண்டு. மருத்துவ உதவியாளர் கையில் ஊசி. ஓடியவன் முதுகில்தான் குண்டு வாங்குவான். இவர்கள் வாங்கியிருந்தது முன்பக்கம். தப்பி வந்தவர்கள் சொன்னதற்கு மூன்று மாதம் கழித்துப் பிணங்கள் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. ஷைத்தான் சிங்குக்குப் பரம் வீர் சக்ரா, அவருடைய கம்பெனிக்கு எட்டு வீர் சக்ராக்கள் என்று ஒரே சண்டைக்கு வரிசையாக விருதுகள் வந்தன. அந்த ஆட்டிடையர் வேறு பக்கம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

தப்பும் நடந்திருக்கிறது. அதே 1962-ல் பாங்காங் ஏரியின் வடகரையில் சிரிஜாப் காவல் நிலையைக் காத்த மேஜர் தன் சிங் தாப்பா இறந்துவிட்டதாகக் கருதி விருதை அறிவித்துவிட்டார்கள். அவர் சீனாவில் கைதியாக உயிரோடு இருந்தார். வீட்டில் கருமாதியே முடிந்துவிட்டது. திரும்பி வந்தவர் சடங்குப்படி தன் மனைவியையே மறுபடி மணந்துகொள்ள வேண்டியிருந்தது என்று அவர் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். கார்கிலிலும் 19 வயது கிரெனேடியர் யோகேந்திர சிங் யாதவுக்கு ‘மரணத்துக்குப் பின்’ என்று அறிவித்தார்கள். அதே பட்டாலியனில் அதே பெயரில் இன்னொருவர் இறந்திருந்ததால் வந்த குழப்பம். இவர் உடம்பெல்லாம் குண்டுக் காயங்களோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார்.

கல்லில் எழுதிய சைட்டேஷன்

யார் என்ன செய்தார் என்று எழுதிவைக்கும் விஷயத்தில் நம் பாட்டன்மார் படு கறார். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகற்களில் தமிழி எழுத்து இருக்கிறது. 2000 ஆண்டுகளுக்கு மேல் பழமையானவை என்று கணிக்கப்பட்டவை. ஒரு கல்லில் இறந்தவனின் ஊர், பெயர், அவன் விழுந்த கூடலூர் ஆநிரைச் சண்டை எல்லாம் நாலைந்து சொல்லில் வந்துவிடுகின்றன. போற்றி, வாழ்க என்று ஒன்றும் கிடையாது.

பல்லவர் காலத்துச் செங்கம் வட்டாரத்துக் கற்கள் இன்னும் விரிவானவை. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர்மேல் யார் வந்தபோது, எப்படி இறந்தான் என்று வரிசையாகச் சொல்லும். எடுத்தனூர்க் கல் ஒன்று முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. அதில் கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்து அது காவல் நின்றதையும் கல்லில் எழுதிவிட்டார்கள். 1400 ஆண்டு கழித்து ஒரு நாயின் பெயரும் அது செய்த காரியமும் நமக்குத் தெரிகிறது. நம் தெருப் பலகையில் இருக்கும் வீரர் எந்தப் படைப்பிரிவு என்றுகூட நமக்குத் தெரிவதில்லை!

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நடுகல் மாடு மீட்கப் போனவனுக்கு மட்டும் எழுப்பப்படவில்லை. மாடு கவரப் போய் இறந்தவனுக்கும் எழுப்பப்பட்டது. மாடு கவரும் வெட்சிக்கும் கல் உண்டு, மீட்கும் கரந்தைக்கும் கல் உண்டு. சண்டை நியாயமா என்ற வழக்கு தனியாக ஓடியிருக்கும். விழுந்தவன் நின்ற விதத்தை அவன் ஊர் எழுதிவைத்தது.

விழுந்தவன் குடும்பத்துக்கு நிலமும் கொடுத்தார்கள். கல்வெட்டுகளில் நெய்த்தோர்ப்பட்டி, உதிரப்பட்டி என்று வரும். ரத்தத்துக்கு ஈடாக விடப்பட்ட மானியம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இன்றும் பல நடுகற்கள் வேடியப்பன் கோயிலாகப் பொங்கல் வாங்கிக்கொண்டிருக்கின்றன. எழுத்து தேய்ந்து பெயர் மறந்தாலும் படையல் நிற்கவில்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் இதுவே வேறு வேடம் போட்டது. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு பலகை உண்டு. 1914-18 போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் நீத்தார்கள் என்று சொல்லும். எண்ணிக்கை மட்டும்தான், அந்தப் பதினான்கு பேர் யார், எங்கே விழுந்தார்கள், எப்படி விழுந்தார்கள் என்பதற்கு அங்கே பதில் இல்லை. சென்னை நேப்பியர் பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள போர் நினைவுச் சின்னமும் அந்தப் போருக்கு எழுப்பியதுதான். மெரினாவுக்குப் போகிறவர்கள் நூறு முறை கடந்திருப்பார்கள். பலருக்கு அது ஒரு பஸ் ஸ்டாப்பின் பெயர்.

கந்தரோடையில் ஓர் இரவு

21 பரம் வீர் சக்ராக்களில் ஒரே ஒரு தமிழர். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். இவரைப் பற்றிப் பேசத்தான் தமிழ்நாடு அதிகம் தயங்கியிருக்கிறது. காரணம் இல்லாமல் இல்லை.

1946-ல் மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். அங்கே சௌத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியின் பள்ளியிலும் கல்லூரியிலும் படித்தார். சென்னையில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் தேறி, 1972-ல் மகார் ரெஜிமென்டில் சேர்ந்தார். உடன் இருந்தவர்களுக்கு அவர் ‘பாரி சாகிப்’. 1987 ஜூலை 29-ல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி அமைதிப்படை போனபோது, 8-வது மகார் பட்டாலியனோடு யாழ்ப்பாணத்தில் இறங்கினார். அமைதி காக்கப் போன படை அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு முழு யுத்தத்தில் நின்றது.

நவம்பர் 25 இரவு. பழைய பௌத்தத் தூபிகளுக்குப் பேர்போன கந்தரோடைப் பகுதி. தேடுதல் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த பரமேஸ்வரனின் அணிமீது பதுங்கியிருந்தவர்கள் சுடத் தொடங்கினார்கள். பதுங்கித் தாக்குதலில் மாட்டியவர்கள் பெரும்பாலும் கிடைத்த மறைவில் படுத்துவிடுவார்கள். இவர் தன் ஆட்களோடு சுற்றிப் போய், சுட்டவர்களின் முதுகுப் பக்கம் வந்தார். கைகலப்பானது. ஒருவர் இவருடைய மார்பில் சுட்டார். சுட்டவரின் கையிலிருந்த துப்பாக்கியையே பிடுங்கி அவரைச் சுட்டுவிட்டு, மூச்சு இருக்கும்வரை கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தார். எதிர்த்தரப்பில் ஐந்து பேர் இறந்தார்கள், மூன்று துப்பாக்கிகளும் இரண்டு ராக்கெட் லாஞ்சர்களும் பிடிபட்டன, அணி மீண்டது என்று சைட்டேஷன் சொல்கிறது. அப்போது அவருக்கு வயது 41.

அங்கே எதிரே நின்றவர்களும் தமிழ் பேசியவர்கள். அதே யுத்தத்தில், அதற்கு ஒரு மாதம் முன்பு, 1987 அக்டோபர் 21, தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் இந்தியப் படையினர் நுழைந்து சுட்டதில் மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குறுக்குச் சூட்டில் சிக்கினார்கள் என்றது ராணுவத் தரப்பு. உயிர் பிழைத்த ஊழியர்கள் அதை ஏற்கவில்லை. யாழ்ப்பாணத்து மக்கள் அந்தப் படையை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதைச் சென்னையில் உட்கார்ந்து நாம் திருத்தி எழுத முடியாது. படைத்தரப்பில் ஏறக்குறைய 1200 பேர் இறந்தார்கள். 1990 மார்ச்சில் மிச்சப் படை சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்த முடிவுக்கு அன்று இங்கே ஆதரவும் இருந்தது, ஆத்திரமும் இருந்தது.

இதையெல்லாம் மறைத்துவிட்டுப் பரமேஸ்வரனை வெறும் தேசியச் சிலையாக நிறுத்துவது பொய். இதைக் காரணம் காட்டி அவரைச் சொல்லாமலே விடுவது இன்னொரு பொய். அவரை அங்கே அனுப்பியவர்கள் டெல்லியில் இருந்தார்கள். அந்த முடிவுக்கு அவர்கள் பதில் சொல்லட்டும். ஆஸ்பத்திரியில் சுட்டவர்கள் அதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும், யாரும் சொல்லவில்லை. கந்தரோடையில் தன் ஆட்கள் சாகக் கிடந்த நேரத்தில் ஒருவர் செய்த காரியம் தனிக் கணக்கு. வெட்சி வீரனுக்கும் கல் நட்ட ஊரில் பிறந்தவர்களுக்கு இது புரியாத விஷயமா?

கொழும்பை ஒட்டிய பத்தரமுல்லையில் இந்திய அமைதிப்படையின் நினைவுச் சின்னம் இருக்கிறது. பலாலியிலும் ஒன்று இருக்கிறது. எந்த மண்ணில் சண்டை போட்டார்களோ அங்கே கல் நின்ற பிறகும் நம் நாட்டில் எல்லாப் போர்களுக்குமான தேசிய நினைவகம் 2019 பிப்ரவரி 25-ல்தான் திறக்கப்பட்டது. இந்தியா கேட் அருகே, நான்கு வளையங்களாக. ஒரு வளையத்தில் செங்கல் செங்கலாகப் பெயர்கள். தனிப் பகுதியில் பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள். 2023 ஜனவரி 23 அன்று பெயரில்லாத 21 அந்தமான் தீவுகளுக்கு அந்த 21 பேரின் பெயரையும் சூட்டினார்கள். பரமேஸ்வரன் பெயரிலும் ஒரு தீவு கிடக்கிறது. யாரும் குடியில்லாத தீவுக்குப் பெயர் வைப்பதில் ஒரு வசதி உண்டு: அங்கே நின்று இவர் யார் என்று கேட்க ஆள் கிடையாது.

சென்னையில் பரங்கிமலை பயிற்சி அகாடமியின் அணிவகுப்புத் திடலுக்கு அவர் பெயர். சாலிகிராமத்தில் ராணுவக் குடியிருப்பு ஒன்றுக்கும் அவர் பெயர். முன்னது மதிலுக்குள். பின்னதைக் கடந்து ஆற்காடு சாலையில் போகிறவர்களுக்கு அது ஓர் அபார்ட்மென்ட்.

சினிமா சொன்னது

பரங்கிமலையின் அதே அகாடமியிலிருந்து 2006-ல் வெளிவந்தவர் மேஜர் முகுந்த் வரதராஜன். 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியான் மாவட்டத்தில் காசிபத்ரி என்ற ஊரில் நடந்த மோதலில் இறந்தார். அசோக சக்ரா கிடைத்தது. போர்க்களத்துக்கு வெளியே காட்டும் வீரத்துக்கு அதுதான் உச்சம், பரம் வீர் சக்ராவுக்கு இணை. பத்து வருடம் அவரைத் தெரிந்தவர்கள் சிலர்தான். 2024 தீபாவளிக்கு அவரைப் பற்றிய ‘அமரன்’ படம் வந்தது. பள்ளிப் பிள்ளைக்கும் 44 ராஷ்ட்ரீய ரைபிள்ஸ் என்ற பெயர் தெரிந்துவிட்டது. படத்தின் அரசியலில் எனக்குச் சில முனகல்கள் உண்டு. ஆனாலும் ஒரு மனிதர் என்ன செய்தார் என்று இரண்டேமுக்கால் மணி நேரம் சொல்லிக்காட்டினார்கள். அரசாங்கம் பலகையில் நாலு வரி எழுதியிருந்தால் அதில் கால்வாசியாவது முன்பே தெரிந்திருக்கும்.

எல்லோருக்கும் சினிமா வராது. கார்கிலில் பத்தாலிக் பகுதியின் ஜுபார் முகட்டில் 1999 மே 29 விடியலில் விழுந்த மேஜர் மாரியப்பன் சரவணன் திருச்சிக்காரர், பீகார் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன். போர் தொடங்கிய புதிது; மேலே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றே கீழே சரியாகத் தெரியாத நாட்கள். ராக்கெட் லாஞ்சரை எடுத்து எதிரியின் பதுங்குகுழியைத் தானே தாக்கினார். சிதறல் பட்டுக் காயம். திரும்பி வா என்று உத்தரவு வந்தும் முன்னேறினார். அந்த முகட்டை இந்தியா பிடிக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேல் அவருடைய உடல் அங்கேயே கிடந்தது. மரணத்துக்குப் பின் வீர் சக்ரா. திருச்சி கண்டோன்மென்டில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது, நினைவு நாளில் ஊர் கூடுகிறது. மற்ற ஊர்களோடு ஒப்பிட்டால் திருச்சி பரவாயில்லை.

ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர் ஹவில்தார் பழனி பீரங்கிப் படைக்காரர், 81-வது ஃபீல்டு ரெஜிமென்ட். 2020 ஜூன் 15 இரவு கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் ஒரு தோட்டாகூடச் சுடப்படாமல் 20 இந்திய வீரர்கள் இறந்தார்களே, அவர்களில் ஒருவர். சூழ்ந்துகொண்டவர்களை எதிர்த்து நின்று உடன் இருந்தவர்களைக் காக்க முயன்று, கூரிய ஆயுதத்தால் குத்துப்பட்ட பிறகும் விலகாமல் சண்டை போட்டதற்காக வீர் சக்ரா. அடுத்த ஆண்டு நவம்பரில் குடியரசுத் தலைவர் மாளிகையில் அவர் மனைவி அதைப் பெற்றுக்கொண்டார். அந்த விழாவில் சைட்டேஷன் வாசிக்கும் ஒன்றிரண்டு நிமிடம் குடும்பத்தார் நின்றுகொண்டு கேட்க வேண்டும். இந்தியிலும் ஆங்கிலத்திலும் வாசிப்பார்கள். கடுக்கலூரிலிருந்து போனவர்களின் காதில் எவ்வளவு விழுந்திருக்கும்?

166 ரூபாய்

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். வீரத்துக்கு விலையா என்று முகம் சுளிப்பவர்கள் மாத வாடகையை நினைத்துப் பார்க்கலாம். 2017-ல் மத்திய அரசு உதவித்தொகையை இரட்டிப்பாக்கியது. பரம் வீர் சக்ராவுக்கு மாதம் 20,000 ரூபாய், அசோக சக்ராவுக்கு 12,000, மகா வீர் சக்ராவுக்கு 10,000, வீர் சக்ராவுக்கு 7,000. ஓய்வூதியத்துக்கு வருமான வரி விலக்கு, ரயில் பாஸ் உண்டு. இது எல்லோருக்கும் ஒன்று.

மாநில அரசுகள் தருவதில்தான் விநோதம். ஒரே மலையில் ஒரே நாளில் ஒரே விருது வாங்கிய இருவர், பிறந்த மாநிலம் வேறு என்பதால் ஒருவர் கோடியைப் பார்க்கிறார், மற்றவர் லட்சங்களோடு நிற்கிறார். பரம் வீர் சக்ரா பெற்ற பானா சிங் கதை இதில் பிரசித்தம். 1987 ஜூன் 26 அன்று சியாச்சினில், 21,000 அடிக்கு மேலே, பனிச்சுவரில் ஏறிப் போய் பாகிஸ்தானின் காயித் காவல் நிலையைப் பிடித்தவர். அந்தச் சிகரத்துக்கே இன்று பானா என்றுதான் பெயர். அவருக்கு ஜம்மு-காஷ்மீர் மாநில அரசு கொடுத்துவந்த தொகை மாதம் 166 ரூபாய். பக்கத்தில் பஞ்சாப், எங்கள் மாநிலத்துக்கு வந்துவிடுங்கள், கணிசமாகத் தருகிறோம் என்று அழைத்தது. அவர் போகவில்லை. நான் இந்த ஊர்க்காரன் என்று இருந்துவிட்டார். செய்திகள் வந்து, கூச்சல் எழுந்து, அப்புறம் தொகை உயர்ந்தது. உதிரப்பட்டி கொடுத்த குறுநிலத் தலைவனுக்கு இருந்த கணக்கு நம் மாநிலங்களுக்கு இல்லை என்று சொல்லத் தோன்றுகிறது. விருதுக்கான தொகையை நாடு முழுக்க ஒன்றாக்குவதில் சட்டச் சிக்கல் பெரிதாக எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. மாநிலங்களுக்குள் போட்டி போட்டு அறிவிப்பதில் கிடைக்கும் கைதட்டல்தான் தடை.

இன்னொரு வேலைக்குப் பணமே தேவையில்லை. ஒவ்வொரு ஊரிலும் பெயர் தாங்கிய தெரு, பள்ளி வகுப்பறை, பூங்கா எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் சைட்டேஷனைத் தமிழில் நாலைந்து வரியாக எழுதிவைக்கலாம். சைட்டேஷன்கள் ரகசிய ஆவணங்கள் அல்ல, அரசே வெளியிட்டவை. பாடநூலில் சேர்க்கலாமே என்பார்கள். சேர்த்தால் பரீட்சைக்கு ‘குறிப்பு வரைக’ ஆகிவிடும், பலகையே நல்லது.

ஒன்றை நானே எழுதிப் பார்த்தேன். ஆள் இன்றைய காஞ்சிபுரம் பக்கத்துக்காரர், காலம் இரண்டாம் உலகப் போர். பிரிட்டிஷ் அரசின் ஜார்ஜ் கிராஸ் விருது பெற்றவர். விக்டோரியா கிராஸுக்கு இணையாக வைத்துப் பேசப்படுவது. யாருடைய போர், யாருக்காகப் போனார் என்ற கேள்வியை அவர்மேலும் வைக்கலாம். வைத்துவிட்டு இதையும் படிக்கலாம்:

‘கீழ்ஒட்டிவாக்கம் சுப்பிரமணியன். மதராஸ் சாப்பர்ஸ் படையின் சுபேதார். 1944-ல் இத்தாலியின் மின்யானோ என்ற இடத்தில் கண்ணிவெடி அகற்றும் குழுவுக்குத் தலைமை ஏற்றுப் போனார். ஒரு கண்ணி வெடிக்கப்போவதைக் கண்டதும் அதன்மேல் விழுந்து தன் உடலால் மூடினார். அவர் இறந்தார், கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள்.’

மொத்தம் முப்பத்து சொச்சம் சொற்கள். பெயின்டருக்கு அரை நாள் வேலை.